அப்பாவின் 1981 புல்லட்: 11 வருடம் நின்ற வண்டியை எங்கிருந்து தொடங்குவது?

பொள்ளாச்சி81 — ஞாயிறு காலை 7.10

வணக்கம். இங்கே இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவின் வண்டி 1981 புல்லட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின். வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். அவர் 1986-ல் இன்னொருவரிடம் வாங்கினார். முழங்கால் மோசமாகும் வரை அதில்தான் போய்வந்தார். அதன் பிறகு பொள்ளாச்சி வீட்டில் தேங்காய் போடும் கொட்டகையில் 11 வருடம் நின்றது. அப்பா போன ஆடியில் தவறிவிட்டார். போன மாதம் ஒரு குட்டியானையில் ஏற்றி வண்டியைக் கோவைக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக் கார் போர்டிகோவில் நிற்கிறது. கார் இப்போது தெருவில்.

நிலைமை இதுதான். கிக்கர் இறங்கவில்லை, கல் மாதிரி இருக்கிறது. டேங்கைத் திறந்தால் பழைய பெட்ரோலின் புளித்த வார்னிஷ் வாசனை, உள்ளே செந்துரு. வயரிங்கை எலி கடித்திருக்கிறது. சீட் போய்விட்டது. ஆனால் டேங்கில் கருப்புப் பெயின்ட்டும் தங்கக் கோடும் முக்கால்வாசி அப்படியே இருக்கின்றன. முழங்கால் உரசும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து, பிரைமர் தேய்ந்து, தகரம் பளபளவென்று தெரிகிறது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். முழுக்கக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, புது குரோம், புதுப் பெயின்ட், இன்ஜின் ஓவர்ஹால், நான்கு மாதம் ஆகும் என்றார்கள். சொன்ன தொகை எனக்கு அதிகம். தொகையைவிட, நானே செய்ய வேண்டும் என்ற ஆசைதான் பெரிது. கார்புரேட்டர் கழற்றிப் பழக்கமுண்டு, இன்ஜினுக்குள் கை வைத்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?


லேத்துக்காரன் — ஞாயிறு காலை 9.45

தம்பி, முதல் வேலை கிக்கரை விட்டு விலகி நிற்பது. இறங்காத கிக்கரின் மேல் ஏறி நின்று மிதித்து உடைந்து வந்த பிஸ்டன் ரிங்குகளை என் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ரிங் உடைந்தால் சிலிண்டரின் உள் சுவரில் கோடு விழும். அப்புறம் ரீபோர், அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கியே ஆக வேண்டும். சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு அது தேவையே இல்லாத செலவு.

பிளக்கைக் கழற்று. ஓட்டை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு அரை டம்ளர் ஊற்று. துணியால் அடைத்துவிட்டு நான்கு நாள் அந்தப் பக்கமே போகாதே. ஐந்தாம் நாள் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டாப் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டு. அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் இன்னும் நான்கு நாள் ஊறட்டும். ஒரு வண்டி 23 நாள் எடுத்துக்கொண்டது, கடைசியில் விட்டது.

இன்னொன்று. இந்த இன்ஜினில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்குவதில்லை, கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸோடு சேர்ந்த அறை. வருடக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்குக்கு அடியில் தேங்கிவிடும். அதனால் டிரெயின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் திறந்து முழுக்க வடித்துவிடு. வருவதை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார். கருப்பாக இருந்தால் கவலையில்லை. பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மினுமினுவென்று தூள் தெரிந்தால் அந்தத் தட்டைப் போட்டோ எடுத்துப் போடு, பிறகு பேசுவோம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இதன் பிக் எண்டில், அதாவது பிஸ்டனின் ராடு கிராங்கோடு சேரும் இடத்தில், ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் உலோக வளையமான புஷ்தான். அதன் உயிர் சுத்தமான ஆயிலில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கம்பளி ஃபில்டரையும் மாற்றிவிடு, அதிகம் விலையில்லை. புது ஃபில்டர் போட்டு மூடும் முன் அந்தக் குழியை ஆயிலால் நிரப்ப வேண்டும். மறந்தால் பம்ப் காற்றை இழுக்கும், முதல் நிமிடம் புஷ் வறண்டு ஓடும்.

சிலிண்டர் ஹெட்டை இப்போது இறக்காதே. சுற்றினால் இறக்க அவசியமில்லாமலே போகலாம். கழற்றாத இடத்தில் புதுத் தவறு நுழையாது.


ஆர்எக்ஸ்மதுரை — ஞாயிறு காலை 11.20

நான் வேறு மாதிரி சொல்வேன். எப்படியும் கழற்றப் போகிறீர்கள், ஒரே தடவையில் முழுசாக முடித்துவிடுங்கள். நான் என் 1989 ஆர்எக்ஸ் 100-ஐ பாதி பாதியாகச் செய்து மூன்று தடவை கழற்றினேன். பெயின்ட் அடித்த பிறகு சேஸிஸில் வெல்டிங் வேலை வந்தது, எல்லாம் வீண். புதுப் பெயின்ட், புது குரோம், புது வயரிங் என்று காலையில் வெயிலில் வண்டி நிற்கும்போது வரும் சந்தோஷம் தனி. அப்பாவின் வண்டியை அவர் வாங்கிய நாளில் இருந்த மாதிரி நிறுத்துவதும் மரியாதைதானே.


ரெட்டிச்ரசிகர் — ஞாயிறு மதியம் 2.05

மதுரைக்காரர் சொல்வதில் ஒன்று சரி, வெல்டிங் முடியாமல் பெயின்ட் பக்கம் போகக் கூடாது. ஆனால் இந்த டேங்க்கை மட்டும் சுரண்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பொள்ளாச்சி, அந்தத் தங்கக் கோட்டை டார்ச் அடித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லை. கையால், நீள மயிர்த் தூரிகையால் இழுத்த கோடு. வளைவில் தூரிகை திரும்பிய இடத்தில் கோடு துளி தடித்திருக்கும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடிப்போனது, திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். பிறந்த ஊருக்கே சென்னையிலிருந்து கப்பலில் போன வண்டி இது. உங்கள் டேங்க்கில் கோடு இழுத்த கை அந்தக் காலத்துச் சென்னைக் கை. அதே கோட்டை இன்று யார் இழுத்தாலும் அது வேறு கோடு.

அப்புறம் முழங்கால் தேய்த்த இடம். வேறு யாருக்கும் அது பெயின்ட் போன இடம்தான், உங்களுக்கு மட்டும் அப்படி இல்லை. அழுக்கைத் தண்ணீரும் ஷாம்பூவும் வைத்துத் துடையுங்கள். தகரம் தெரியும் இடத்தில் மெழுகு தடவுங்கள், துரு பிடிக்காது. மாதம் ஒரு தடவை போதும்.

சட்டப்படியும் ஒரு காரணம் உண்டு. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் பழைய உருவிலேயே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்தோடு 10 வருடப் பதிவு கிடைக்கும், ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. உங்கள் வண்டிக்கு 2031-ல் 50 ஆகிறது. அன்றைக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அன்றைக்கு முடிவு செய்துகொள்ளலாம். இன்றைக்குச் சுரண்டிவிட்டால் அந்த யோசனைக்கே இடமிருக்காது.


திண்டுக்கல்மலர் — ஞாயிறு இரவு 8.30

பெயின்ட் சண்டை எப்போதும் நடப்பதுதான். பிரேக் பற்றி யாரும் பேசவில்லையே.

பொள்ளாச்சி அண்ணா, நான் என் மாமாவின் 1979 புல்லட்டை எடுத்தபோது இன்ஜின் இரண்டே வாரத்தில் ஓடிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நத்தம் ரோட்டில் எடுத்துக்கொண்டு போனேன். முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் கைப்பிடியைத் தொடுகிறது, வண்டி அப்படியே போகிறது. எதிரில் ஆட்டு மந்தை. கியரைக் குறைத்து, மண்ணில் இறக்கி, எப்படியோ நிறுத்தினேன். ஆடுகளுக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை நடுக்கம் நிற்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

அதனால் டிரம் இரண்டையும் திறந்துவிடுங்கள். திறக்கும்போது உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். முகமூடி கட்டாயம். ஷூ ஒட்டியிருக்கும் பசை வருடக்கணக்கில் காய்ந்து லைனிங் தனியாகக் கழன்று வரும், எனக்கு அப்படித்தான் வந்தது. பிரேக் கேபிள் புதுசு. டயரும் டியூபும் புதுசு, பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி. 11 வருட ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது. வீல் பேரிங்கைக் கழுவி புது கிரீஸ் வையுங்கள்.

போர்டிகோவில் வேலை என்கிறீர்கள். பெட்ரோல் கழுவும்போது வீட்டுப் பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, இன்வெர்ட்டர் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.


பொள்ளாச்சி81 — 9 நாள் கழித்து

எல்லோருக்கும் நன்றி. மலர் சொன்னதைப் படித்த அன்றே டயருக்கும் ஷூவுக்கும் சொல்லிவிட்டேன்.

இன்ஜின் எட்டாம் நாள் விட்டது! லேத்துக்காரர் சொன்ன மாதிரி சக்கரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு ‘டக்’, பிறகு மெத்தென்று அரைச் சுற்று. என் மகள் ஓடி வந்து பார்த்தாள். ஆயில் கருப்பு, தூள் எதுவும் இல்லை. கிராங்குக்கு அடியிலிருந்து மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல் வந்தது.

டேங்க்குக்கு மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு ஒரு கிலோ வாங்கினேன். சுடுதண்ணீரில் கரைத்து, விளிம்பு வரை ஊற்றி, ஒரு நாள் முழுக்க வைத்தேன். வெளிப் பெயின்ட் மேல் ஒரு சொட்டும் படாமல் மூடியைச் சுற்றி ஈரத்துணி போட்டிருந்தேன். மறுநாள் ஊற்றினால் பச்சையும் கருப்புமாகத் தண்ணீர், உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான தகரம். பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு மனைவியின் ஹேர் டிரையர் இரண்டு மணி நேரம். கடைசியில் கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றி வைத்திருக்கிறேன்.

ஒரு தப்பும் செய்தேன். பக்கவாட்டு நட்டு ஒன்றுக்கு 14 நம்பர் ஸ்பேனர் கொஞ்சம் லூஸாக இருந்தது, இருந்தும் போட்டுத் திருகினேன். மூலை உருண்டுவிட்டது. இதில் மில்லிமீட்டர் நட்டு குறைவு, பழைய இங்கிலீஷ் அளவு விட்வொர்த் ஸ்பேனர் வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. உக்கடம் பழைய மார்க்கெட்டில் அரை நாள் தேடி ஐந்து ஸ்பேனர் எடுத்தேன். கைக்குக் கனமாக, நட்டில் பொருந்தியதும் அசைவே இல்லாமல் நிற்கின்றன.

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். டூல் பாக்ஸில் அப்பாவின் ஸ்க்ரூடிரைவர், பிளக் ஸ்பேனர், பழைய தினத்தந்தியில் சுற்றிய ஒரு பாயின்ட் செட் (ஸ்பார்க் வர மின்சாரத்தைத் திறந்து மூடும் பாகம்). அதோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கல்யாணப் பத்திரிகையில் இருந்து நறுக்கிய ஒரு நீளத் துண்டு. சுண்டுவிரல் அகலம். ஒரு மூலையில் மஞ்சள், மறு முனையில் ஆயில் கறை. எழுத்து எதுவும் இல்லை, ஓரத்துப் பூ டிசைன் மட்டும். இதை ஏன் இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்? யாருடைய கல்யாணம் என்றும் தெரியவில்லை.


லேத்துக்காரன் — அன்று இரவு 10.15

தம்பி, அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. அது உங்கள் அப்பாவின் ஃபீலர் கேஜ், இடைவெளி அளக்கும் தகடு.

பிளாட்டினம் பாயின்ட் முழுக்கத் திறந்து நிற்கும்போது நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். ரோட்டில் நின்றுவிட்டால் கேஜ் எங்கே தேடுவது? அந்தக் காலத்து ஆட்கள் கனத்துக்குப் பொருந்தும் அட்டையை முதலிலேயே அளந்து தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வார்கள். சிலர் விசிட்டிங் கார்டு, சிலர் தீப்பெட்டி அட்டை. ஆயில் கறை உள்ள முனைதான் பாயின்ட்டுக்குள் போகும் முனை. உன்னிடம் வெர்னியர் இருந்தால் அளந்து பார்.

அந்தப் பழைய பாயின்ட் செட்டையும் வீசாதே. இப்போது கடையில் வரும் பாயின்ட்டும் கண்டன்சரும் பாதிக்கு மேல் சீக்கிரம் போகின்றன. பழசின் முகத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளை நடுவில் விட்டு இழுத்துத் துடை. தாளில் கருப்பு வராத வரை துடைத்துக்கொண்டே இரு. விரல் படக் கூடாது, கை எண்ணெய் பட்டாலே ஸ்பார்க் மங்கும்.

டேப்பட்டையும், அதாவது வால்வைத் தள்ளும் ராடுகளின் இடைவெளியையும் பார்த்துவிடு. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்க வேண்டும். புஷ் ராடு இரண்டு விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் துளியும் ஆடக் கூடாது. இதற்குக் கேஜ் வேண்டாம், விரல் போதும்.


பொள்ளாச்சி81 — அன்று இரவு 11.02

அளந்தேன். 0.38.


யாழ்சிசி90 — மறுநாள் காலை 6.20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அந்தப் பத்திரிகைத் துண்டு பற்றி வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கட அப்பாவிடம் ஹொண்டா 90 ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெட்ரோல் கண்ணால் காண முடியாது. கிடைத்தாலும் போத்தல் விலை கேட்க ஏலாது. மோட்டார் சைக்கிள், கார், தண்ணி இறைக்கிற மெசின் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் பற்றாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெட்ரோல் வைத்துக்கொண்டு, ஊசி மருந்து ஏற்றுகிற சிரிஞ்சில் சில துளி எடுத்து கார்புரேட்டருக்குள் விட்டு உதைப்பார்கள். பற்றிக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். ஒழுங்கை முழுக்கப் புகை, அந்த மணம் இப்பவும் மூக்கில் நிற்கிறது. பிளக் நாளாந்தம் கரி பிடிக்கும். அப்பா மாலையில் வாசலில் இருந்து பிளக் சுரண்டுவார், நான் பக்கத்தில் இருந்து கம்பித் தூரிகை எடுத்துக் குடுப்பேன். மெக்கானிக் வேலை எனக்கு அங்கேதான் தொடங்கியது.

அந்த ஹொண்டா இடப்பெயர்வில் போய்விட்டது. இப்போது என்னிடம் இருப்பது அதே வகையில் வேறொன்று. அப்பாவின் கையில் இருந்த ஒரு பொருள்கூட எங்களிடம் மிச்சம் இல்லை. தம்பி, நீங்கள் அந்தத் துண்டைத் திரும்ப டூல் பாக்ஸிலேயே வையுங்கோ.


எஸ்டிபைரவன் — மறுநாள் மதியம் 1.40

பெட்ரோல் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. நம் பழைய வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. பெட்ரோல் ஹோஸ் ஊதி இளகிப்போகும், டேப்பின் உள் வாஷர் கரையும், கரைந்தது போய் ஜெட்டில் அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இப்போது சுத்தம் செய்த டேங்க் மறுபடி துருப்பிடிக்க அதுவே போதும். இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் வைத்தால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பைலட் ஜெட்டை (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு துளை) குத்தக் கூடாது, குத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மின்வயரில் இருந்து ஒற்றைச் செம்புக் கம்பி, ஊசி வேண்டவே வேண்டாம்.

என்னுடையது எஸ்டி, மைசூர் ஐடியல் ஜாவாவில் செய்த 250. இரட்டைச் சைலன்சர், கியர் லீவரையே மேலே திருப்பினால் கிக்கராகிவிடும் வண்டி. டூ ஸ்ட்ரோக்கில் நின்ற வண்டியின் நோய் வேறு. கிராங்கின் ஆயில் சீல் காய்ந்துபோகும். ஒரு பக்கச் சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் அந்த ஆயிலையே இழுத்து எரித்து வெள்ளைப் புகை கக்கும். கொட்டகையிலிருந்து டூ ஸ்ட்ரோக் எடுக்கிறவர்கள், ஓடுகிறதே என்று நம்பி ஹைவேக்குப் போகாதீர்கள், சீலை மாற்றிவிட்டுப் போங்கள்.


ஆர்எக்ஸ்மதுரை — மறுநாள் மாலை 5.15

பத்திரிகைத் துண்டைப் படித்தேன். பெயின்ட் பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். டேங்க்கைத் தொடாதீர்கள். மட்கார்டில் துரு விழுந்த இடத்தை மட்டும் சுரண்டி கருப்புத் தொட்டுவிடுங்கள், போதும்.

ஆர்சி யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரில் என்றால் ஓட்டுவதற்கு முன் அதை முடியுங்கள். படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். தவறிய மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறது சட்டம், தாண்டியிருந்தால் தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் பதிவு புதுப்பிக்கப் படிவம் 25, வண்டியை நேரில் காட்ட வேண்டும். அதற்கு முன் சேஸிஸ் நம்பரைக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மங்கினால் பெரிய தொந்தரவு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100 1996-லேயே நின்றுவிட்டதால் விலை ஏறி, நம்பர் மாற்றிக் குத்திய வண்டிகள் எங்கள் பக்கம் நிறைய. புதிதாக வாங்குகிற யாராக இருந்தாலும் பென்சில் பிரிண்ட் எடுக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.


பொள்ளாச்சி81 — 7 வாரம் கழித்து

இன்று காலை ஸ்டார்ட் ஆனது.

இடைப்பட்ட நாளில் நடந்தவை: வயரிங் முழுக்கப் புதிது, பழைய ஹார்னெஸைத் தரையில் விரித்து அதன் மேல் வைத்து நானே கட்டினேன். டிரம் இரண்டும் லேத்தில் லேசாகக் கடைந்து, புது லைனிங். டயர் புதிது. அப்பாவின் பாயின்ட் செட்தான் உள்ளே இருக்கிறது, அப்பாவின் அட்டையால்தான் வைத்தேன். ஆர்டிஓ வேலை பாதி முடிந்திருக்கிறது. முடியும் வரை எங்கள் லே-அவுட்டுக்குள் தனியார் இடத்தில் மட்டும்.

ஆனால் ஸ்டார்ட் செய்ய எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை முழுக்க மிதித்தேன். ஒரு தடவை எதிரடித்துக் கணுக்காலில் நல்ல வீக்கம். ராத்திரி லேத்துக்காரருக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். அவர் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன், என்னைப் போல வருகிறவருக்கு உதவும்.

சாவியைப் போட்டதும் அம்மீட்டரைப் பார். பாயின்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்திருந்தால் நடுவில் நிற்கும். கிக்கரை அவசரமில்லாமல், காலின் எடையை மட்டும் வைத்து இறக்கு. மைனஸில் இருந்த முள் ஒரு இடத்தில் துள்ளி நடுவுக்கு வரும், கால் அதே இடத்தில் கெட்டியாக நிற்கும். பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு இரண்டு விரற்கடை மட்டும் தள்ளு. டீகம்ப்ரஸரை விடு. கிக்கர் முழுக்க மேலே வரட்டும். இப்போது முழு உடம்பையும் போட்டு, அடி வரை, பாதியில் நிறுத்தாமல் ஒரே மிதி.

இன்று காலை ஆறரை மணிக்கு அப்படியே செய்தேன். முள் துள்ளுவதை முதல் தடவையாகக் கவனித்துப் பார்த்தேன். அப்பா வாசலில் வண்டி மேல் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு நிற்பாரே, அது இதுதான் என்று அப்போது புரிந்தது. சின்ன வயதில் அவர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது மிதியில் பிடித்தது. முதலில் நீலப் புகை, ஊற்றி வைத்த ஆயில் எரிகிற வரை. பிறகு தெளிந்து, அந்தச் சத்தம். மேலே வால்வுப் பக்கம் ஆயில் கொண்டுபோகும் ராக்கர் பைப்பின் போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்திப் பார்த்தேன், ஆயில் கசிந்து வந்தது, மேலே போகிறது. இறுக்கிவிட்டேன். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.


திண்டுக்கல்மலர் — அன்று காலை 10.40

கண் கலங்கிவிட்டது அண்ணா. கணுக்காலுக்கு ஐஸ் வையுங்கள். கிக் செய்யும்போது இனிமேல் செருப்பு வேண்டாம், ஷூ.


பொள்ளாச்சி81 — மேலும் 5 வாரம் கழித்து

ஆர்சி என் பெயருக்கு வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் போட்டாகிவிட்டது. போன ஞாயிறு பொள்ளாச்சி போய் வந்தேன். கிணத்துக்கடவில் டீக்கு நிறுத்தியபோது ஒரு பெரியவர் வந்து கையால் டேங்க்கைத் தொட்டு, ‘எத்தனை மாடல்’ என்றார். சொன்னேன். ‘நானும் வைத்திருந்தேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். 50-க்கு மேல் ஓட்டவில்லை. வலது காலால் கியர் போடுவது பாதி வழியில் பழகிவிட்டது, பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தது இரண்டு தடவை.

பொள்ளாச்சி வீட்டு முக்குத் திரும்பும்போதே அம்மா வெளியே வந்து நின்றிருந்தார். தெருவில் எத்தனையோ புல்லட் போகிறது, இதை மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். முக்கில் கியர் குறைக்கும்போது வரும் சத்தம் தெரியாதா என்றார். பத்திரிகைத் துண்டைக் காட்டினேன். பூ டிசைனைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: சின்ன அத்தை கல்யாணம், 1988. பத்திரிகை கொடுக்க ஊர் ஊராக இந்த வண்டியில்தான் அப்பாவும் அம்மாவும் போனார்களாம். உடுமலைக்கு முன்னால் நின்றுவிட்டதாம். மீதமிருந்த பத்திரிகையில் ஒன்றை அப்பா அங்கேயே கிழித்தாராம்.

இப்போது கேள்வி. திரும்பி வந்து நிறுத்திய இடத்தில் மறுநாள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஆயில். இடது பக்கம், கிளட்ச்சை மூடும் பிரைமரி மூடியின் கீழ் விளிம்பு. புது ரப்பர் சீல்தான் போட்டேன். நடுநட்டை இன்னும் இறுக்கினேன், கசிவு அதிகமாகிறது.


லேத்துக்காரன் — அன்று இரவு 9.50

இறுக்காதே தம்பி. அந்தப் பெரிய மூடியைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. நடுவில் இறுக்க இறுக்க மூடி குழிந்து விளிம்பு தூக்கும். தளர்த்தி, மூடியைக் கழற்றி, கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பார். ஆடினால் வளைந்திருக்கிறது, கொண்டு வா, சரி செய்து தருகிறேன். ஆடாவிட்டால் சீலைத் திரும்பச் சரியாக உட்கார வைத்து, நட்டை அளவாகப் பிடி.

கழற்றும் முன் ஒன்று செய். வண்டியை நேராக நிறுத்தி லெவல் போல்ட்டைத் திற. கொஞ்சம் வந்து நின்றால் நீ அதிகமாக ஊற்றியிருக்கிறாய். வந்துகொண்டே இருந்தால் இன்ஜின் ஆயில் கிராங்க் பக்கச் சீல் தாண்டி வருகிறது, அது வேறு வேலை.


பொள்ளாச்சி81 — மறுநாள் காலை 6.55

திறந்தேன். கால் டம்ளர் வந்து நின்றுவிட்டது. மூடியைக் கண்ணாடி மேல் வைத்தால் பின் மூலையில் ஒரு தாள் நுழைகிறது. சனிக்கிழமை பட்டறை திறந்திருக்குமா அண்ணா? வண்டியிலேயே வருகிறேன்.


லேத்துக்காரன் — மறுநாள் காலை 7.20

மூடியைக் கழற்றிக்கொண்டு வண்டியில் எப்படி வருவாய்? பூட்டிக்கொண்டு வா. பட்டறையில் கழற்றிக்கொள்ளலாம். பத்து மணிக்கு இருப்பேன்.